எல்லா வலியும் வயசால் வருவதல்ல!

டயாலிசிஸ் செய்துகொள்ளும் அம்மாவோ மாமியாரோ இருக்கிற வீடுகளில் கிரியாட்டினின் எவ்வளவு, ரத்தம் எத்தனை பாயிண்ட் என்று எல்லோருமே மனப்பாடமாய்ச் சொல்வார்கள். ஆனால் அந்த அம்மா, "இடுப்பு எலும்பெல்லாம் குடையுதுடி" என்றால், "வயசானா அப்படித்தான்" என்று முடித்துவிடுகிறார்கள். எங்கள் காஞ்சிபுரத்தில் தறி மேலும் பழி விழும். "குழியில உக்காந்து நெய்த உடம்பு, வலிக்காம என்ன பண்ணும்?" என்பார்கள்.

சகோதரிகளே, வயசும் தறியும் மட்டுமே காரணம் இல்லை. மாதவிலக்கு நின்றதும் எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்துவிடுகிறது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மாதவிலக்கு சீக்கிரமே நின்றுவிடுவதும் உண்டு. வெயிலில் கிடைக்கும் வைட்டமின் 'டி'யை உடம்புக்குப் பயன்படும்படி மாற்றுவது முக்கியமாகச் சிறுநீரகம்தான். அது கெட்டால் கால்சியம் சேராது, பாஸ்பரஸ் ரத்தத்தில் தங்கிவிடும். உடனே கழுத்தில் அரிசி மணி அளவில் இருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் ஹார்மோனை அதிகமாய்ச் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி எடுக்கின்றன. இப்படி இரண்டு பக்கமும் அடி வாங்கிய எலும்பு, லேசாக வழுக்கி விழுந்தாலே முறிந்துபோகலாம்.

இதில் அக்கம்பக்கத்து யோசனைகள் வேறு! "நிறைய பால் குடி, கேழ்வரகு சாப்பிடு, கடையில கால்சியம் மாத்திரை வாங்கிப் போடு" என்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பாலிலும் கேழ்வரகிலும் பாஸ்பரஸ் இருக்கிறது. தேவைக்கு மேல் போன கால்சியம் ரத்தக்குழாயில் போய்ப் படியும். எதுவானாலும் அளவை டாக்டர்தான் சொல்லவேண்டும். எலும்புக்குப் போடும் டெனோசுமாப் ஊசியால் டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 ஜனவரியில் கடுமையாக எச்சரித்திருக்கிறது. அதனால் எலும்பு டாக்டரிடம் போனால் டயாலிசிஸ் விஷயத்தை முதலில் சொல்லுங்கள்.

இன்னொன்று நம் சமையலறை சம்பந்தப்பட்டது. பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தத் தரும் மாத்திரை, சாப்பாட்டோடு போட்டால்தான் வேலை செய்யும். சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸை வயிற்றிலேயே பிடித்துவைப்பதுதான் அதன் வேலை. நம் வீட்டுப் பெரியவர்களோ மற்ற மாத்திரைகளோடு அதையும் காலையில் காபியோடு விழுங்கிவிட்டு, எல்லோருக்கும் பரிமாறி முடித்து மதியம் இரண்டு மணிக்குத்தான் சாப்பிடுவார்கள். மாத்திரை ஒரு நேரம், சோறு ஒரு நேரம் என்றால் மருந்துக்குக் கொடுத்த காசு வீண்தானே? கடைசியில் சாப்பிடும் வழக்கத்தை இவர்களுக்காவது நாம் நிறுத்தவேண்டும். முதல் தட்டை அவர்களுக்கு வைத்து, பக்கத்திலேயே மாத்திரையையும் வையுங்கள்.

டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கால்சியமும் பாஸ்பரஸும் 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை, பாராதைராய்டு ஹார்மோன் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும் என்பது 2017-ல் வந்த உலகளாவிய சிறுநீரக மருத்துவ வழிகாட்டுதல். கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். விழாமல் நடக்க அவர்களிடம் பயிற்சி கேட்கலாம்.

ஒவ்வொரு டயாலிசிஸின்போதும் எடையும் ரத்த அழுத்தமும் குறிக்கிறார்கள். "எலும்பு வலி உண்டா, விழுந்தீர்களா?" என்று ஒரு வரியும் அந்த அட்டையில் சேர்க்கவேண்டும் என்பது என் கருத்து. நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்டால்தான் வாயைத் திறப்பார்கள். கேட்காவிட்டால் வலியையும் பொறுத்துக்கொண்டு இருந்துவிடுவார்கள்.

- ஒரு வாசகி, காஞ்சிபுரம்.