இராயப்பரும் சின்னப்பரும்

நண்பரின் நூலுக்கு மதிப்புரை எழுதுவது பற்றி இலக்கிய வட்டங்களில் அவ்வப்போது பேச்சு எழும். பெரும்பாலும் சிரிப்பில் முடிந்துவிடும். நாமும் சிரித்தவர்கள்தாம். சில ஆண்டுகளுக்கு முன் திருவொற்றியூர் நண்பர் ஒருவர் தம் நாவலின் கையெழுத்துப்படியை நம்மிடம் தந்தார. முற்பாதி உயிரோட்டமாக இருந்தது. பிற்பாதி பிரசங்கமாகத் தேய்ந்திருந்தது. நாம் சொன்னதோ 'பிரமாதம்' என்ற ஒற்றைச் சொல். அவர் சேமிப்பைச் செலவிட்டுத் தாமே அச்சிட்டார். நூல் வந்தபின் வேறொருவரிடம் நம் உண்மையான கருத்தைச் சொன்னோம். அது சுற்றிவளைத்து அவர் காதை எட்டியது. அவர் கோபிக்கவில்லை. "அப்பவே சொல்லியிருந்தா திருத்தியிருப்பேனே" என்றார், அவ்வளவுதான்.

அந்த வாக்கியம் நம்மை விடவில்லை. நட்பைக் காப்பதாக எண்ணி நாம் காத்தது நமக்கு அவரிடமிருந்த நல்ல பெயரை மட்டுமே.

அந்த நண்பர் இராயபுரம் புனித இராயப்பர் கோயிலுக்குச் செல்பவர். பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்றே நெடுங்காலம் அழைத்தனர். ஊர்ப் பெயரே அவரிடமிருந்து வந்தது என்பர். 19ஆம் நூற்றாண்டில் அக்கோயிலை எழுப்பியவர்கள் படகோட்டிகள். சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் வருமுன் கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, ஆட்களையும் சரக்கையும் அலையைக் கடந்து கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை மோதினால் நெளியும், உடையாது. அருகில் கட்டுமரங்கள் துணைக்கு வரும், தவறி விழுந்தவரைத் தூக்கிவிட.

இத்தகைய தொழில் செய்தவர்களின் கோயிலுக்கு உரியவராக அமைந்தவர், நண்பரை மும்முறை மறுதலித்தவர் என்பது நம்மை யோசிக்க வைக்கிறது. குளிர்காயும் நெருப்பருகே, ஒரு பணிப்பெண்ணின் கேள்விக்கு அஞ்சி, அந்த மனிதரைத் தெரியாது என்றார் இராயப்பர். உயிர்த்தெழுந்த பின் இயேசு அதைப் பூசிமெழுகிவிடவில்லை. ஏரிக்கரையில், மீண்டும் ஒரு நெருப்பருகே, தன்னை நேசிக்கிறாயா என்று மும்முறை கேட்டார். யோவான் நற்செய்தி சொல்வதன்படி மூன்றாம் முறை பேதுரு மனம் வருந்தினார். வருந்தட்டும் என்றே கேட்கப்பட்ட கேள்வி அது. ஆனால் ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் அவரிடம் ஒரு பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. தவறைச் சொல்வதும் கைவிடாதிருப்பதும் அங்கே ஒரே செயலாகின்றன.

அதே நற்செய்தியில், சீடரை இனி ஊழியர் என்னாமல் நண்பர் என்று அழைக்கும் இடத்தில் இயேசு தரும் காரணமும் கவனிக்கத்தக்கது. தாம் அறிந்ததை அவர்களிடம் மறைக்கவில்லை என்பதே அது. அந்த அளவுகோலின்படி, நாவலைப் பொறுத்தவரை நாம் நம் நண்பருக்கு ஊழியராகவே நடந்துகொண்டோம்.

பின்னாளில் இராயப்பரை இன்னொருவரும் கண்டித்தார். அவர் தமிழ்க் கத்தோலிக்கர் சின்னப்பர் என்று அழைத்த பவுல். அந்தியோக்கியாவில் புறவினத்தாரோடு ஒரே பந்தியில் உண்டுகொண்டிருந்த இராயப்பர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டார். சின்னப்பர் அதை எல்லார் முன்னிலையிலும் கேட்டார். தவறிய சகோதரனிடம் முதலில் தனியே பேசச் சொல்லும் மத்தேயு நற்செய்திக்கு இது முரணல்லவா என்று கேட்கலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. பந்தியிலிருந்து எழுந்தது பலர் காணச் செய்த செயல்; அவமானப்பட்டவர்கள் அங்கேயே அமர்ந்திருந்தார்கள். தனியறையில் சொல்லப்படும் உண்மையால் அவர்களுக்கு ஒரு பயனுமில்லை. ஆனாலும் பேதுருவின் பெயரால் வழங்கும் இரண்டாம் நிருபம் பவுலை அன்புக்குரியவராகவே நினைவுகூர்கிறது.

பந்தி என்றதும் வேதநாயகம் சாமுவேல் அசரியா நினைவுக்கு வருகிறார். 1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், அன்று பாரிமுனை அருகே இருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர், ஒய்.எம்.சி.ஏ. ஊழியர். 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், ஏறத்தாழ 1200 பேராளர்கள் முன்னிலையில் பேசினார். அவர்களுள் ஆசியர் வெகு சிலரே. மிஷனரிகளின் தியாகத்தை அவர் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்திய உடனூழியரைச் சமமாக நடத்தாத, உணவு மேசைக்கு அழைக்காத அவர்களது மேட்டிமையைச் சுட்டினார். எங்களுக்கு வேண்டுவது நண்பர்கள் என்று முடித்தார். அவையில் பலர் முகம் சுளித்தனர். அசரியா அதன்பின் திருச்சபையை விட்டு விலகவில்லை. 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1945இல் இறக்கும்வரை தோர்ணக்கல்லில் பணியாற்றினார். உள்ளேயிருந்து சொன்னவர் உள்ளேயே இருந்தார் என்பதுதான் அவர் சொல்லுக்கு எடை தந்தது.

இது இலக்கியத்துக்கும் திருச்சபைக்கும் மட்டும் உரிய சிக்கலன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. அதே மாதம் 26ஆம் நாள் இரவு, கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பத்து மக்கள் வீடுகளை விட்டு ஓடினர். ஆலையில் கூலி வாங்குபவரும் ஆற்றில் வலை வீசுபவரும் ஒரே தெருவில் வாழும் ஊர்கள் இவை. ஆலைத் தொழிலாளி வாய் திறந்தால் வேலை போகலாம். திறக்காவிட்டால் பக்கத்து வீட்டு நண்பரின் வலை கறுத்துப்போகும். அவரைப் பார்த்து 'உண்மையைச் சொல்' என்று இங்கிருந்து உபதேசிக்க நமக்குத் தகுதியில்லை. நம் ஒற்றைச் சொல்லுக்கு எந்த விலையும் இருக்கவில்லை, அப்போதும் நாம் சொல்லவில்லை. உண்மை சொல்பவருக்குத் துணையாகக் கட்டுமரம் போல் யாராவது அருகில் வரவேண்டும் என்பதை மட்டும் சொல்லலாம். விசுவாசம் என்ற சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருள் அதுவே.

வள்ளுவர் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்கள் வைத்தார். தீ நட்பும் கூடா நட்பும் அவற்றுள் அடக்கம். இடித்துரைப்பது நட்பின் கடமை என்று தமிழுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. கிறித்தவ மரபு அதனோடு ஒன்றைச் சேர்க்கிறது: இடித்தவர் எழுந்து போய்விடக் கூடாது. ஏரிக்கரையில் கேள்வி கேட்டவர்தான் அந்த விடியலில் மீன் சுட்டுப் பசியாற்றியவரும்.

நண்பர் இப்போது இரண்டாவது நாவல் எழுதுகிறார். கையெழுத்துப்படியை நம்மிடமே தருவதாகச் சொல்லியிருக்கிறார். இம்முறை பென்சிலோடு உட்காரப் போகிறோம்.