கயித்துக் கட்டில் காட்சிக்கா, படுக்கவா?

2017ல ஆஸ்திரேலியாவுல ஒருத்தர் நம்ம கயித்துக் கட்டிலை 990 டாலர்னு விளம்பரம் பண்ணினாரே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு விழுந்து விழுந்து சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தன்.

போன மாசம் பரண்ல கிடந்த தாத்தா கட்டிலை ஹால்ல அழகுக்குப் போடலாம்னு இறக்கினேன். சட்டம் கல்லு மாதிரி இருக்கு, கயிறுதான் இத்துப் போச்சு. பின்ன ஆள் கிடைக்கவே மூணு வாரம். வந்த பெரியவர் நாள் முழுக்கக் குனிஞ்சே பின்னினார். நான் கூலியில பேரம் பேசினேன். வெட்கமா இருக்கு.

"தொய்வு விழுந்தா கால்மாட்டுக் கயித்தை இழுத்துக் கட்டுங்க தம்பி"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனார்.

அதனால சொல்றேன் மக்களே, கயித்துச் சாமானை அலங்காரமா மூலையில வைக்காதீங்க. படுங்க, தொய்யட்டும், அறுந்தா பின்ற ஆளைக் கூப்பிடுங்க. கேட்ட கூலியைக் கொடுங்க. அப்பதான் அந்தக் கை வேலை பிழைக்கும்.