சுயேச்சையின் குரல் பிள்ளைகளுக்காக ஒலிக்கட்டும்

கட்சியைப் பாராமல் ஆளைப் பார்த்து ஓட்டுப் போடத் தெரிந்த ஊர் கல்யாண். தொகுதி சீரமைப்பில் உருவான கல்யாண் கிழக்குத் தொகுதி, தான் சந்தித்த முதல் இரண்டு சட்டசபைத் தேர்தல்களிலும், அதாவது 2009-லும் 2014-லும், கண்பத் கெய்க்வாட் என்ற சுயேச்சையையே தேர்ந்தெடுத்தது. 2019-ல் அவரே பாரதீய ஜனதா சின்னத்தில் நின்று வென்றார். அத்துடன் இங்கே சுயேச்சைக் காலம் முடிந்தது.

2024 நவம்பர் தேர்தலில் மராட்டிய சட்டசபையின் 288 இடங்களில் சுயேச்சைகளுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்று ஜுன்னர். கல்யாணிலிருந்து மால்ஷேஜ் கணவாய் வழியாக மலையேறினால் வருவது ஜுன்னர் தாலுகாதான். அங்கே சுயேச்சையாக நின்று வென்ற ஷரத் சோனவணே அவர்களுக்கு, மலைக்கு இப்பால் வாழும் தமிழர்கள் சார்பில் ஒரு வேண்டுகோள் விடுக்க விரும்புகிறோம்.

"உங்கள் தொகுதி உறுப்பினரைக் கேட்காமல் என்னை ஏன் கேட்கிறீர்கள்?" என்று அவர் வினவலாம். நியாயமான கேள்வி. நம் உறுப்பினர்களையும் நாம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கட்சி உறுப்பினருக்குக் கொறடா உண்டு, மேலிடம் உண்டு. சுயேச்சைக்கு அவை இல்லை. வென்ற பின் ஒரு கட்சியில் சேர்ந்தால் பதவி பறிபோகும் என்று 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டமே சொல்கிறது. அவர் எந்த அணிக்கு ஆதரவு தந்தாலும், மக்கள் தந்த அந்தச் சுதந்திரம் அவரிடமே இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்காகச் செலவிடும்படியே கேட்கிறோம்.

நம் குறை இதுதான். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் பல, வாடகை ஏற ஏற ரயில் பாதையோடு நகர்ந்து கல்யாணுக்கும் அதற்கு அப்பாலும் வந்து சேர்ந்தன. மும்பை மாநகராட்சி தமிழ் வழிப் பள்ளிகள் நடத்துகிறது. இங்கே இருப்பது வேறு மாநகராட்சி, வேறு கல்வி நிர்வாகம். அங்கே கிடைத்த வசதி ரயிலேறி நம்மோடு வந்துவிடவில்லை.

முறையிடவும் ஆள் இல்லாமல் இருந்தது. 2015-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட கல்யாண் டோம்பிவிலி மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 நவம்பரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2026 ஜனவரி 15-ல்தான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வார்டுக்கு ஒரு பிரதிநிதி கிடையாது. பள்ளிகள் பூட்டப்பட்டுப் பாடம் கைபேசியில் வந்த கொரோனா காலத்தின் பெரும்பகுதியும் அதில் அடக்கம். வீட்டுக்கு ஒரு கைபேசி. அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டால் பிள்ளைக்கு அன்று பாடம் இல்லை.

அந்த நோய் தணிந்தது. இணையத்தின் தேவை தணியவில்லை. 2025 முதல் மாநிலம் முழுவதும் 11-ஆம் வகுப்புச் சேர்க்கை இணைய வழியில்தான். சாளில் இருக்கும் மாணவிக்குக் கல்லூரி வாசலே அந்தக் கம்பியின் முனையில் இருக்கிறது என்றால் மிகையாகாது. மத்திய அரசின் பாரத்நெட் திட்டம் கிராமப் பஞ்சாயத்துகளுக்காக வகுக்கப்பட்டது. நகரத்துச் சாள்களும் குடிசைகளும் அந்தக் கணக்கில் வருவதில்லை. இணையம் பெறுவது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்தது. ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்புத் தரும் கே-ஃபோன் திட்டத்தை அம்மாநிலம் 2023-ல் தொடங்கியது. மராட்டியத்தால் ஆகாதா?

தாய்மொழிக் கல்வியோ புதிய கோரிக்கை அன்று. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு 1956 முதல் சொல்லி வருகிறது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டமும், இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. மராத்தி படிக்க நம் பிள்ளைகள் தயங்கியதில்லை, தயங்கவும் கூடாது. அதோடு தமிழையும் எழுதப் படிக்க வழி வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

திரு. சோனவணே சட்டசபையில் மூன்று கேள்விகள் எழுப்பட்டும். கல்யாண் வட்டாரத்தில் தமிழ் பேசும் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்கு 350-ஏ பிரிவின்படி செய்திருப்பது என்ன? மாநகராட்சிப் பள்ளிகளில் இணைய இணைப்பு எத்தனை, அவற்றில் மாலை நேரத்திலும் மாணவருக்குத் திறந்திருப்பவை எத்தனை? அமைச்சரின் பதில் சபைக் குறிப்பில் ஏறிவிட்டால், பின்னர் அதை யாரும் மறுக்க முடியாது.

இது அவருக்கும் அன்னியமான பிரச்சினை அல்ல. விண்மீன்களின் ரேடியோ அலைகளைக் கேட்கும் 45 மீட்டர் அகலமான 30 பெரிய கிண்ணங்கள் ஜுன்னர் தாலுகாவின் கோடத் கிராமத்தை மையமாகக் கொண்டவை. வானத்தின் குரலையே கேட்கும் ஊர் அது. அதன் மேற்கே சஹ்யாத்ரி மலைக் கிராமத்து ஆதிவாசிப் பிள்ளைக்கும் நல்ல பள்ளியும் இணையமும் வேண்டும். மலையடிவாரத்துத் தமிழ்ப் பிள்ளைக்கும் அவையே வேண்டும். இருவருக்குமாகச் சேர்த்துக் கேட்டால் குரலின் வலிமை கூடும்.

நம்மவர்க்கும் ஒரு வார்த்தை. தமிழ் வகுப்பு வேண்டும் என்று மேடையில் முழங்கிவிட்டு, சேர்க்கை நாளில் நாம் பின்வாங்கினால் எந்த உறுப்பினர் கேட்டும் பயனில்லை. ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் தமிழை ஒரு பாடமாகக் கேட்டுப் பெறலாம். தெருவுக்குத் தெரு பிள்ளைகளைக் கணக்கெடுத்து, பெற்றோர் கையெழுத்துடன் மனு அனுப்புவது தமிழ்ச் சங்கங்களின் கடமை.

கையில் கணக்கு இருந்தால் கேள்விக்குக் கூர்மை வரும். அந்தக் கேள்வியை எழுப்பும் துணிவு ஒரு சுயேச்சைக்கு இருக்க வேண்டும். அவர் எழுப்புவார் என நம்புகிறோம்.