தொண்டு என்று பெயர் வைத்தால் சம்பளம் தர வேண்டாமா?

நான் பி.காம். படித்தவன். எதையும் இரண்டு பத்தியில் எழுதிப் பார்த்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். அதனால் முதலில் இரண்டு எண்கள்.

2020 ஜனவரி 1 கணக்குப்படி நாட்டில் மாநிலப் போலீசுக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் சுமார் 26.23 லட்சம். அதில் காலியாகக் கிடந்தவை சுமார் 5.31 லட்சம். இது இடது பக்கம். வலது பக்கம், ஹோம் கார்டு என்கிற ஊர்க்காவல் படைக்கு நாடு முழுவதும் அனுமதிக்கப்பட்ட பலம் சுமார் 5.73 லட்சம். நிஜத்தில் சேர்த்து வைத்திருப்பது நான்கு லட்சத்துக்கு மேல்.

இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்தது தற்செயல்தான். யாரும் உட்கார்ந்து ஈடுகட்டி எழுதியதில்லை. ஆனால் தெருவில் இறங்கிப் பார்த்தால் இடது பக்கத்து ஓட்டையை வலது பக்கம்தான் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதுவும் பாதி விலையில். நான் இங்கே சண்டை போட வந்தது இந்தப் பாதி விலைக்காகத்தான்.

லக்னோவுக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷம் ஆகிறது. சார்பாக் ரயில் நிலைய வாசல், ஹஸ்ரத்கஞ்ச், பாலிடெக்னிக் சௌராஹா என்று எங்கே போனாலும் காக்கி போட்ட ஒருவர் தடியோடு நின்று வண்டிகளை விலக்கிவிடுகிறார். ஜூன் மாத லூவிலும் நிற்கிறார், ஜனவரிப் பனியில் மப்ளரைச் சுற்றிக்கொண்டும் நிற்கிறார். பார்ப்பவருக்கு அவர் போலீஸ். ஆனால் அரசாங்கத்தின் ஏட்டில் அவர் 'ஸ்வயம்சேவக்', அதாவது தன்னார்வத் தொண்டர். கூப்பிட்டால் வர வேண்டும். வந்த நாளுக்குப் படி உண்டு. கூப்பிடாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

இந்த அமைப்பு பிறந்த கதையில் தப்பு எதுவும் இல்லை. 1946 டிசம்பரில் பம்பாய் மாகாணத்தில் மதக் கலவரம் தலைவிரித்து ஆடியபோது போலீசுக்கு உதவியாகத் தொடங்கினார்கள். இன்றும் டிசம்பர் 6 தான் ஊர்க்காவல் படையின் தொடக்க நாள். 1962 சீனப் போருக்குப் பிறகு, அங்கங்கே இருந்த தொண்டர் படைகளை எல்லாம் ஒரே அமைப்பாக்கச் சொன்னது மத்திய அரசு. உத்தரப்பிரதேசச் சட்டமும் நம் சென்னை மாகாணச் சட்டமும் 1963-ல் வந்தவை. டாக்டர், வக்கீல், வாத்தியார், கல்லூரி மாணவர், விவசாயி என்று எல்லாத் தரப்பினரும் ஓய்வு நேரத்தில் வந்து ஊருக்கு உதவுவது என்பதுதான் எண்ணம். வெள்ளம், தீ, கலவரம், தேர்தல், திருவிழா மாதிரி சமயங்களில் கை கொடுப்பார்கள். மற்ற நாளில் தத்தம் பிழைப்பைப் பார்ப்பார்கள். மத்திய அரசு ஊழியர் ஊர்க்காவல் படையில் இருந்தால் அந்தப் பணிக்குச் சிறப்பு விடுப்புகூட உண்டு. நல்ல விஷயம், கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் இன்று அந்தச் சௌராஹாவில் நிற்பவர் வக்கீலும் இல்லை, வாத்தியாரும் இல்லை. அவருக்கு இதுதான் பிழைப்பு. 'ஓய்வு நேரம்' என்பதெல்லாம் சட்டப் புத்தகத்தில் மட்டும் இருக்கிறது. 2025 கடைசியில் இதே உத்தரப்பிரதேசத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்க்காவல் படை இடங்களுக்கு ஆள் சேர்க்க அறிவிப்பு வந்தது. எழுத்துத் தேர்வு, உடல் தகுதித் தேர்வு எல்லாம் உண்டு. நான் கேட்கிறேன், தொண்டு செய்வதற்கு யாராவது கோச்சிங் கிளாஸ் போய்ப் படிப்பார்களா? பரீட்சை எழுதி, ஓடிக் காட்டி உள்ளே வருகிறான் என்றால் அவன் வேலை தேடி வருகிறான் என்று அர்த்தம். அது தெரிந்துதான் அரசாங்கமும் பரீட்சை வைக்கிறது. சேர்க்கும்போது வேலை, சம்பளம் கேட்டால் தொண்டு!

இதை வங்கிக்காரன் சொன்னால் ஒரு கூடுதல் நியாயம் உண்டு. எங்கள் தொழிலிலும் இந்த வித்தை பழசு. தொழிலாளர் சட்டத்தில் 240 நாள் என்று ஒரு கணக்கு இருக்கிறது. பன்னிரண்டு மாதத்தில் அத்தனை நாள் வேலை பார்த்துவிட்டால், உரிய நோட்டீசும் ஈட்டுத்தொகையும் இல்லாமல் ஓர் ஆளை வெளியே அனுப்ப முடியாது. அதனால் தற்காலிக மெசஞ்சரை அந்த எண்ணைத் தொடவிடாமல் நிறுத்தி, இடைவெளி விட்டு, திரும்பக் கூப்பிடும் பழக்கம் எத்தனையோ இடங்களில் இருந்தது. செய்தவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. மேலே இருந்து வந்த சுற்றறிக்கையைப் பார்த்தார்கள், செய்தார்கள். ஊர்க்காவல் படை விஷயத்தில் அந்த இடைவெளிகூட தேவைப்படவில்லை. 'தொண்டர்' என்ற ஒரே சொல் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது.

கிளைக்குக் கடன் கேட்டு வந்த ஒருவர் நினைவுக்கு வருகிறார். பதினேழு வருஷமாகப் படையில் இருப்பவர். "சாஹப், பேட்டி கி ஷாதி" என்று விண்ணப்பத்தை நீட்டினார். கணக்கில் மாதாமாதம் பணம் வருகிறது. ஆனால் ஒரு மாதம் வந்த தொகை அடுத்த மாதம் இல்லை. சாலரி ஸ்லிப் என்ற கட்டத்தில் அவரால் வைக்க முடிந்தது ட்யூட்டிச் சீட்டு. எங்கள் விதிப்படி அது சம்பளம் ஆகாது. நகைக்கடனாகக் கொடுத்து அனுப்பினோம். மனைவியின் வளையல் உள்ளே போனது. பதினேழு வருஷம் அரசாங்கச் சீருடை போட்டவருக்கு 'அரசு ஊழியர்' கட்டத்தில் ஒரு டிக் அடிக்க எனக்கு வழியில்லை.

சரி, நீதிமன்றம் என்ன சொன்னது? ஹிமாச்சல், பஞ்சாப், டெல்லி ஊர்க்காவல் படையினர் தொடுத்த வழக்குகளில் 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. நிரந்தரமாக்க முடியாது என்று மறுத்துவிட்டது. ஆனால் கூடவே ஒன்றைச் சொன்னது. முப்பது நாள் படியைக் கூட்டினால், அந்த மாநிலப் போலீசின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் வர வேண்டும், அந்த வீதத்தில் தினப்படி கொடுங்கள் என்றது. பாதி நியாயம்தான். ஆனாலும் நியாயம்.

அந்தப் பாதியை எப்படி விழுங்கினார்கள் என்று பாருங்கள். உத்தரப்பிரதேசத்தில் இதே வழியில் தினப்படி 500 ரூபாயிலிருந்து 672 ரூபாய்க்கு ஏறியது 2019-ல். ஏறிய சில மாதத்திலேயே, அந்த அக்டோபரில், தீபாவளிக்குச் சில நாள் முன்னால், போலீஸ் காலியிடங்களுக்கு எதிராக நிறுத்தப்பட்டிருந்த சுமார் 25,000 ஊர்க்காவல் படையினரின் பணியை நிறுத்துகிறோம் என்று உத்தரவு வந்தது. பட்ஜெட் தாங்காதாம். கூச்சல் எழுந்ததும், யாரையும் வேலையிழக்க விடமாட்டோம் என்று மந்திரி சமாதானம் சொன்னார். அதில் கவனிக்க வேண்டியது, அந்த 25,000 பேர் நின்றது யார் இடத்தில் என்பது. கான்ஸ்டபிள் காலியிடத்தில்! காலியிடம் இருப்பதும் அவர்களுக்குத் தெரியும், வேலை இருப்பதும் தெரியும். 172 ரூபாய் ஏறியதும் 'தேவையில்லை' ஆகிவிட்டார்கள்.

வடக்கே அப்படித்தான் சார், நம்மூரில் நடக்குமா என்பவர்களுக்கு: தமிழ்நாட்டிலும் தினப்படியை 560 ரூபாய் ஆக்கினார்கள், கைதட்டினோம். பின்னாலேயே மாதத்துக்கு ஐந்து நாள்தான் பணி என்று சுருக்கினார்கள். ஐந்து பெருக்கல் 560, ஆக மொத்தம் 2,800 ரூபாய். வீதத்தை ஏற்று, நாளைக் குறை. எந்தத் திசையில் வெட்டினாலும் வெட்டுப்படுவது ஒரே கழுத்துதான்.

இதில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. ஆடிட் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். நாள் கணக்கில் கூலி, மஸ்டர் ரோலில் வருகை, யாருக்கு எந்த நாள் ட்யூட்டி என்பதை முடிவு செய்யும் ஓர் அதிகாரி. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் என்ன நடக்கும்? 2019 நவம்பரில் நொய்டாவில் போலி வருகை காட்டிப் படிப்பணம் எடுத்ததாக விசாரணை தொடங்கியது. விசாரணை நடக்கும்போதே அலுவலகத்தில் இருந்த மஸ்டர் ரோல்கள் தீக்கிரையாயின. அதிகாரிகள் கைதானார்கள். ஆனால் ஆளை மாற்றினால் தீரும் வியாதி இல்லை இது. அடுத்த மாதம் அடுப்பு எரிய வேண்டுமானால் அதிகாரியின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கும்வரை இதற்கு விடிவில்லை.

'அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு, எனக்கென்ன' என்று நினைத்தால், உங்களுக்கும் இருக்கிறது. பணிக்குக் கூப்பிட்ட நேரத்தில் ஊர்க்காவல் படையினருக்குப் போலீசுக்கு உள்ள அதிகாரமும் பாதுகாப்பும் சட்டப்படி உண்டு. ஆனால் போலீசுக்குக் கொடுக்கிற அத்தனை மாதப் பயிற்சி இல்லை. தப்பு செய்தால் குறைக்க இன்கிரிமென்ட் இல்லை, இழக்கப் பென்ஷன் இல்லை. அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு அதற்கான கடிவாளத்தைக் கொடுக்க மறந்துவிட்டோம்.

கொல்கத்தாவில் 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் நடந்த கொடுமையில் ஆயுள் தண்டனை பெற்றவர் 'சிவிக் வாலன்டியர்'. அது ஊர்க்காவல் படை இல்லை, மேற்கு வங்கம் தனியாக வைத்திருக்கும் ஒப்பந்த உதவிப் படை. ஒருவன் செய்ததற்கு எல்லாரையும் நான் திட்டமாட்டேன். ஆனால் அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசைக் கேட்ட கேள்விகள் இந்தப் பாதிப் போலீஸ் எல்லாருக்கும் பொருந்தும்: இவர்களை யார் சேர்க்கிறார்கள், எந்தச் சட்டத்தில் சேர்க்கிறார்கள், பின்னணியைச் சரிபார்த்தது யார்?

சத்தீஸ்கர் இன்னும் மோசம். பழங்குடி இளைஞர்களை மாதம் 3,000 ரூபாய்க்குச் சிறப்புப் போலீஸ் அதிகாரி என்று நியமித்து, மாவோயிஸ்டுகளுக்கு எதிராகத் துப்பாக்கியோடு நிறுத்தினார்கள். ஐந்தாம் வகுப்பு படித்தால் போதும். 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று நிறுத்தியது. மாநில அரசு அதே ஆண்டில் துணை ஆயுதப் படை என்று புதுச் சட்டம் போட்டு அவர்களை அதில் சேர்த்துக்கொண்டது. மலிவாக ஆள் கிடைக்கும் வழியை விட யாருக்கும் மனசு வருவதில்லை.

இனி எதிர்த்தரப்பு வாதங்கள். பணம் இல்லை என்பது முதலாவது. செலவு ஏற்கனவே நடக்கிறது ஐயா. மாதம் இருபது முப்பது நாள், வருஷக்கணக்காக வரும் செலவை எதிர்பாராச் செலவு என்று எழுதினால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார். எல்லாரையும் நிரந்தரமாக்கினால் கொல்லைப்புற நியமனம் ஆகிவிடும் என்பது இரண்டாவது. இதை நான் மதிக்கிறேன். உமாதேவி வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் எச்சரித்த விஷயம். எல்லாரையும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே இழுக்கச் சொல்லவில்லை. காலியிடத்துக்கு முறையாகத் தேர்வு வையுங்கள், பல வருஷம் நின்றவருக்கு வயது வரம்பில் சலுகையும் அனுபவத்துக்கு மதிப்பெண்ணும் கொடுங்கள் என்கிறேன். மூன்றாவது, தொண்டு மனப்பான்மை செத்துவிடும் என்பது. அதைக் கொன்றதே இந்த ஏற்பாடுதான். இங்கிலாந்தில் 'ஸ்பெஷல் கான்ஸ்டபிள்' என்று நிஜமான தொண்டர் போலீஸ் உண்டு. வேறு வேலையில் இருப்பவர்கள் மாதத்தில் சில மணி நேரம் வருகிறார்கள். கைது செய்யும் அதிகாரம் முழுதாக உண்டு, அதற்கான பயிற்சியும் உண்டு, சம்பளம் கிடையாது. அவர்களை நம்பி யாரும் தினசரி ரோந்தை ஓட்டுவதில்லை. அதனால்தான் அங்கே தொண்டு தொண்டாக இருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தினசரி வேலைக்குப் போலீஸ் காலியிடத்தை நிரப்புங்கள். ஊர்க்காவல் படையை அது பிறந்த வேலைக்கே, வெள்ளத்துக்கும் திருவிழாவுக்கும் கலவரத்துக்கும், வேறு பிழைப்பு உள்ளவர்களை வைத்து நடத்துங்கள். அதுவரை தினமும் நிறுத்துகிறவருக்கு 2015 தீர்ப்பின்படி முழுப் படி, முழு நாள், மருத்துவக் காப்பீடு, நேராக வங்கிக் கணக்கில் மாதச் சம்பளம் மாதிரி ஒரே தேதியில் பணம். இத்தனையும் செய்ய முடியாது என்றால், குறைந்தபட்சம் 'தொண்டர்' என்ற சொல்லையாவது அந்த ஏட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். கூலி என்றே எழுதுங்கள். கூலிக்காவது சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலி என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போட வழி இருக்கும்.

டிஸ்கி: இவை முழுக்க என் சொந்தக் கருத்துகள். எனக்குச் சம்பளம் கொடுக்கும் வங்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவர்கள் மாதக் கடைசியில் தவறாமல் கொடுத்துவிடுகிறார்கள், அதனால்தான் நிம்மதியாக உட்கார்ந்து இதை எழுத முடிகிறது. :-)