கியர்பொக்ஸும் மூன்று மாதமும்

ஏ-9 வீதியில் யாழ்ப்பாணம் நோக்கி வரும் பாவித்த ஜப்பான் கார்களில் ஹொண்டா ஃபிட், வெசல் ஹைபிரிட்டுகளைக் காணாத நாளில்லை. இவற்றின் இரட்டைக் கிளட்ச் கியர்பொக்ஸில் கோளாறு கண்டு, 2014 பெப்ரவரியில் ஜப்பானில் 80,000க்கும் அதிகமான வாகனங்களை அந்த நிறுவனமே திருப்பி அழைத்தது. அவற்றுள் திருத்தப்பட்டவை எவை, அப்படியே கப்பலேறியவை எவை என்று இங்கே வாங்குபவருக்கு யார் சொல்கிறார்கள்?

அவுஸ்திரேலியாவில் ஃபோர்ட் கார்களின் கியர் நடுக்கத்துக்கு, ஓட்டுபவரின் பழக்கமே காரணம் என்று கையை விரித்தார்கள். (நம்மூர்க் கராஜ்களிலும் கேட்ட வசனம்தான்.) 2018இல் அந்நாட்டுச் சமஷ்டி நீதிமன்றம் ஃபோர்டுக்கு 1 கோடி டொலர் தண்டம் விதித்தது. உரிமையாளர்கள் திரண்டு தொடுத்த கூட்டு வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது.

நமது குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 16ஆம் பிரிவு, பொது நலன் கொண்ட பலருக்காகச் சிலர் நீதிமன்ற அனுமதியுடன் வழக்காட இடம் தருகிறது. ஆனால் கடன்பட்டுக் கார் வாங்கியவர் அந்தச் செலவைத் தாங்குவாரா? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம். அதற்கும் விற்பனையிலிருந்து மூன்று மாதமே தவணை. கியர்பொக்ஸ் அத்தனை சீக்கிரம் தன் குணத்தைக் காட்டாது. இந்தத் தவணையை நாடாளுமன்றம் நீட்ட வேண்டும்.

2025 பெப்ரவரி முதல் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் நடக்கிறது. முற்பணம் கொடுக்குமுன் செசி இலக்கத்தைக் கேட்டு வாங்கி, திருத்த வேலை முடிந்ததா என்று பாருங்கள்.