பிரசவம் ஆஸ்பத்திரியில்... பச்சிளங்குழந்தையின் கவனிப்பு யார் கையில்? முதல் 48 மணி நேரம் ஏன் முக்கியம்?

லேபர் வார்டு கதவு திறக்கிறது. துணியில் சுற்றிய குழந்தையோடு வெளியே வரும் செவிலியர், "பொம்பளப் புள்ள, ரெண்டே முக்கால் கிலோ" என்கிறார். காத்திருந்த முகங்களில் நிம்மதி. அந்தக் கூட்டத்தில் ஒரு பாட்டியின் கையில் சின்னக் கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீர் தயாராக இருக்கிறது. நல்ல மனுஷர் ஒருவர் சேனை தொட்டு வைத்தால் அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது அவர் கேட்டு வளர்ந்த நம்பிக்கை. உள்ளே, குழந்தையின் அம்மா இன்னும் பால் கொடுக்கத் தொடங்கவில்லை.

தமிழ்நாட்டில் பல மருத்துவமனை வாசல்களில் இன்றும் காணக்கூடிய காட்சி இது. 2019-21ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மாநிலத்தில் 99.6% பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. நாட்டின் சராசரி 88.6%. ஆனால், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 60% மட்டுமே என்கிறது அதே ஆய்வு. டாக்டரும் நர்ஸும் பக்கத்தில் இருந்தும், பத்தில் நான்கு குழந்தைகளுக்கு அந்த முதல் பால் நேரத்துக்குக் கிடைக்கவில்லை.

முதல் ஒரு மணி நேரத்தில் என்ன நடக்க வேண்டும்?

குழந்தை பிறந்து அழுததும், ஈரத்தைத் துடைத்து, துணி சுற்றாமல் தாயின் வெறும் மார்பில் கவிழ்த்துப் போட வேண்டும். மேலே ஒரு உலர்ந்த துணியால் இருவரையும் போர்த்த வேண்டும். தாயின் உடல் சூடே பச்சைக் குழந்தைக்கு முதல் போர்வை. தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒன்று முதல் மூன்று நிமிடங்கள் பொறுத்துக் கட்டினால், நஞ்சிலிருந்து கூடுதல் ரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேரும். பின்னால் வரும் ரத்தசோகையைக் குறைக்க அது உதவும்.

மார்பில் கிடக்கும் குழந்தை கொஞ்ச நேரத்தில் தானாகவே வாயைத் திறந்து தேடும். அப்போது சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பால் அளவில் கொஞ்சம்தான். ஆனால் நோய் எதிர்ப்புப் பொருட்கள் அதில் நிறைந்திருக்கின்றன. ரத்தக் கசிவைத் தடுக்கும் வைட்டமின் கே ஊசி, பிசிஜி, போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஹெபடைடிஸ் பி தடுப்பூசி ஆகியவையும் மருத்துவமனையிலேயே முடிந்துவிட வேண்டும். எடை பார்ப்பது, உறவினரிடம் காட்டுவது எல்லாம் முதல் பாலுக்குப் பிறகு நடந்தால் போதும். குளிப்பாட்டுவதை 24 மணி நேரமாவது தள்ளிப் போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சிசேரியன் என்றால்?

தமிழ்நாட்டில் சிசேரியன் பிரசவங்கள் 44.9%, தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8% என்கிறது அதே ஆய்வு. பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டுத்தான் சிசேரியன் செய்கிறார்கள். தாய் முழித்துக்கொண்டுதான் இருப்பார். அறுவை சிகிச்சை முடியும்போதே குழந்தையை மார்பில் வைக்க முடியும். படுத்த நிலையிலேயே, ஒரு செவிலியரோ துணைக்கு வந்தவரோ குழந்தையைப் பிடித்துக்கொண்டால் பாலும் கொடுக்கலாம்.

நடைமுறையில், "அம்மா ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று குழந்தை தனியே கொண்டு போகப்படுகிறது. அந்த இடைவெளியில் பவுடர் பால் உள்ளே நுழைகிறது. புட்டியில் எளிதாக வரும் பாலுக்குப் பழகிய குழந்தை மார்பில் உறிஞ்சச் சிரமப்படும். உறிஞ்சாவிட்டால் பால் சுரப்பு குறையும். பால் குறைந்தால் மறுபடி புட்டி.

'பால் ஊறலையே' என்ற பயம் சரியா?

பெரும்பாலும் தேவையில்லாத பயம் அது. முதல் நாளில் குழந்தையின் வயிறு மிகச் சிறியது. ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு டீஸ்பூன் பால் போதும். பால் கட்டி இறங்குவது வழக்கமாக இரண்டு முதல் நான்காம் நாளுக்குள். அதுவரை அடிக்கடி, ஒரு நாளில் 8 முதல் 12 தடவை உறிஞ்சக் கொடுப்பதுதான் பால் ஊற வழி. முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் குறைவதும் இயல்பு. பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும்.

பால் போதுகிறதா என்பதை அழுகையை வைத்து முடிவு செய்ய முடியாது. நாலைந்து நாள் ஆன குழந்தை ஒரு நாளில் ஆறு தடவையாவது சிறுநீர் கழித்தால், பால் போதிய அளவு கிடைக்கிறது என்று நம்பலாம். மருத்துவக் காரணத்துக்காகச் சில குழந்தைகளுக்குக் கூடுதல் பால் தேவைப்படும்; அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பவுடர் பாலை விளம்பரப்படுத்துவதையும், மருத்துவமனை வழியாக இலவச மாதிரி கொடுப்பதையும் தடுக்கும் சட்டம் இந்தியாவில் 1992 முதலே இருக்கிறது.

48 மணி நேரம் ஏன் இருக்க வேண்டும்?

சுகப்பிரசவம்தானே, மறுநாளே வீட்டுக்குப் போய்விடலாம் என்று பல குடும்பங்கள் நினைக்கின்றன. படுக்கைத் தட்டுப்பாடு உள்ள வார்டுகளிலும் சீக்கிரம் அனுப்பும் அவசரம் இருக்கும். ஆனால் தாய்க்கு அதிக ரத்தப்போக்கு, ரத்த அழுத்தம் எகிறி வலிப்பு வருதல் போன்ற ஆபத்துகள் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் நாட்களில்தான் அதிகம். குழந்தைக்குக் காமாலை, கிருமித் தொற்று போன்றவையும் இந்த நாட்களில்தான் தலைகாட்டும்.

அரசு மருத்துவமனைகளில் 2011ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின் கீழ் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை எல்லாம் இலவசம். சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள் வரை உணவும், வீடு திரும்ப வண்டியும் உண்டு. தங்கினால் செலவாகும் என்று யாரும் அவசரப்பட வேண்டியதில்லை. கிளம்பும் முன் ஒரு தடவையாவது, குழந்தை மார்பைச் சரியாகக் கவ்விப் பால் குடிப்பதைச் செவிலியர் நேரில் பார்த்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு எது நல்லது, எது ஆபத்து?

பிள்ளை பெற்றவளை அடுப்படிக்கு விடாமல் ஓய்வு கொடுப்பது, குழந்தையைக் கதகதப்பாக வைத்திருப்பது, கூடவே ஒருவர் இருந்து பார்த்துக்கொள்வது எல்லாம் நம் வீடுகளின் நல்ல வழக்கங்கள். அவை தொடர வேண்டும்.

விட வேண்டியவையும் உண்டு. சேனை, தேன், உரைமருந்து, கழுதைப்பால், கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர் எதுவும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். தொப்புளில் எண்ணெய், மஞ்சள், சாம்பல், பவுடர் போடக் கூடாது. காய்ந்து தானாக விழட்டும். குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதுவது, காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுப்பது, சாம்பிராணிப் புகை காட்டுவது எல்லாம் மூச்சுத்திணறலிலும் தொற்றிலும் கொண்டு போய் விடலாம். காமாலைக்கு வெயிலில் காட்டுவது சிகிச்சை ஆகாது. தாய்க்கும் பத்தியம் என்ற பெயரில் தண்ணீரையும் காய்கறியையும் குறைப்பது தவறு. பால் கொடுக்கும் உடம்புக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சாப்பாடு வேண்டும்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

குழந்தைக்கு:

- பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது
- நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்வாங்குவது
- வலிப்பு, காய்ச்சல், அல்லது உடம்பு சில்லிட்டுப் போவது
- முதல் நாளிலேயே மஞ்சள் நிறம், அல்லது உள்ளங்கை, பாதம் வரை மஞ்சள்
- தொப்புளைச் சுற்றிச் சிவப்பு, சீழ்

தாய்க்கு:

- ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனையும் ரத்தப்போக்கு
- கடுமையான தலைவலி, கண் மங்குவது, வலிப்பு
- காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு
- மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும்
- ஓயாத அழுகை, தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம்

இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108ஐ அழைக்க வேண்டும்.

யாரிடம் பேச வேண்டும்?

மருத்துவமனை தரும் அறிவுரையைக் கேட்பவர், வலியிலும் தூக்கமின்மையிலும் இருக்கும் இருபது சொச்சம் வயதுப் பெண். வீட்டில் முடிவு எடுப்பவர் அவருடைய அம்மாவோ மாமியாரோ. "நாங்கல்லாம் புள்ள பெத்து வளக்கலையா?" என்ற ஒரு கேள்வியில் டாக்டர் சொன்ன அத்தனையும் அடிபட்டுப் போகும். அவர்கள் அப்படிக் கேட்பது பாசத்தால்தான். வார்டில் அவர்களிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை என்பதுதான் குறை. டிஸ்சார்ஜ் நாளில் பாட்டியையும் கணவரையும் கூடவே உட்கார வைத்து, பத்து நிமிடம் விளக்கி, ஆபத்து அறிகுறிகளைத் தமிழில் அச்சடித்துக் கொடுப்பதற்குப் புதுக் கட்டிடமோ புது இயந்திரமோ தேவையில்லை.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. மத்திய அரசின் திட்டப்படி, மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும். ஆனால் தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். கர்ப்பப் பதிவு புகுந்த ஊரில், பிரசவம் நகரத்தில், குழந்தை இருப்பது பாட்டி ஊரில். எந்தக் கிராம சுகாதார செவிலியர் வந்து பார்ப்பது? கர்ப்பத்தைப் பதிவு செய்யும் பிக்மி எண் ஏற்கெனவே எல்லாத் தாய்மாருக்கும் இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போது குழந்தை எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டு, அந்த ஊர்த் துணை சுகாதார நிலையத்துக்கு அன்றே தகவல் அனுப்புவதை அரசு, தனியார் மருத்துவமனைகள் எல்லாவற்றுக்கும் கட்டாயமாக்க வேண்டும்.

குடும்பங்களும் காத்திருக்க வேண்டாம். ஊர் போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள செவிலியருக்கு, "புள்ள பிறந்திருக்கு, வந்து பாருங்க" என்று ஒரு போன் போட்டுச் சொன்னால் போதும். சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தோடு வாசலில் நிற்கும் பாட்டியை உள்ளே அழைத்து, முதல் பால் கொடுக்கும்போது மகளுக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லலாம். அந்தப் பெண் அந்த நேரத்தில் மற்ற எவரையும்விட அவர் பேச்சைத்தான் கேட்பாள்.