சர்க்கரையைக் கொட்டாதே, ஈஸ்ட்டைப் பார்!

லண்டன்ல இருக்கற அத்தை பையன் போன வாரம் போன் பண்ணி ஒரே புலம்பல். வீட்டுலயே செஞ்ச ஸ்ட்ராங் பீர், ஒன்பது சதவீதமாம். பாட்டில்ல அடைச்சு ஒன்றரை மாசமாகியும் கேஸ் ஏறலை. மூடியைத் திறந்தா 'புஸ்'ஸும் இல்லை, நுரையும் இல்லை. "இன்னும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போடுன்னு எல்லாரும் சொல்றாங்கடா"ன்னான்.

எனக்கு வந்ததே கோபம். நான் படிக்கிறது பி.காம்.தான், ஆனா இந்தக் கணக்குக்கு அதுவே போதும். சர்க்கரை கச்சாப் பொருள், ஈஸ்ட் தொழிலாளி, கேஸ் உற்பத்தி. தொழிலாளி மயங்கிக் கிடக்கற ஃபேக்டரியில லாரி லாரியா சரக்கை இறக்கினா உற்பத்தி பெருகுமா? ஆல்கஹால் ஏற ஏற ஈஸ்ட் சோர்ந்துடும், பாதி செத்தும் போகும். அடைக்கும்போது லிட்டருக்கு ஆறேழு கிராம் சர்க்கரை போட்டிருந்தா அதுவே தாராளம். முதல்ல மூடி இறுக்கமான்னு பாரு. பாட்டிலை மெதுவா ஒருமுறை கவிழ்த்து, இருபது டிகிரிக்குக் குறையாத அறையில இன்னும் மூணு வாரம் வை. அப்பவும் வரலைன்னா, ஆல்கஹாலைத் தாங்கற ஒயின் ஈஸ்ட் சில துணுக்கு போட்டுப் புது மூடி போடு. சர்க்கரையை மட்டும் கொட்டினா, என்னைக்காவது ஈஸ்ட் முழிச்சுக்கிட்டு மொத்தத்தையும் தின்னும். அப்புறம் அது பாட்டில் இல்லை, கண்ணாடிக் குண்டு!

இதெல்லாம் அவன் தைரியமாப் பேசலாம். பிரிட்டன்ல 1963-லேயே வீட்டு உபயோகத்துக்கு லைசென்ஸ் வேண்டாம்னுட்டாங்க. இதையே நான் படூர் ரூம்ல செஞ்சா 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் வந்து கதவைத் தட்டும்.

இங்கதாங்க எனக்கு வயித்தெரிச்சல். கேஸ் ஏத்த யாரும் மெனக்கெடாத ஒரு சரக்கு நம்ம மரத்துலயே இருக்கு. பானையில சுண்ணாம்பு தடவினா பதநீர். தடவாம விட்டா, தானா வந்து சேர்ற ஈஸ்ட் சில மணி நேரத்துல நுரை தள்ளும், அது கள். அதுக்கு 1987 ஜனவரி 1 முதல் தடை. பனை மாநில மரம், ஆனா அதுல கள் இறக்கினா கேஸ்! (இது வேற கேஸுங்க.) கள்ளைவிட ஏத்தமான ஸ்ட்ராங் பீரை 2003-லேர்ந்து அரசாங்கமே டாஸ்மாக் கடையில சில்லறைக்கு விக்குது.

"கள்ளுல கலப்படம் பண்ணுவாங்க" என்பதுதான் பதில். பண்ணுவாங்கதான். அதுக்குச் சோதனை பண்ணுங்க. கேரளாவுல கள்ளுக்கடை வச்சு மேற்பார்வை பண்ணலையா? தடை போட்டதால கலப்படம் ஒழிஞ்சுதா? 2023 மே மாசம் நம்ம செங்கல்பட்டு மாவட்டத்துலயும் விழுப்புரத்துலயும் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு இருபது பேருக்கு மேல செத்தாங்க. 2024-ல கள்ளக்குறிச்சியில அறுபதைத் தாண்டுச்சு. கள்ளைத் திறந்துவிட்டா இந்தச் சாவெல்லாம் நின்னுடும்னு நான் சொல்ல வரலை. கலப்படம்னு சொல்லி மரம் ஏறுறவன் பிழைப்பை மட்டும் மூடறது நியாயமில்லைன்னுதான் சொல்றேன்.

ஈஸ்ட்டைப் பார்க்காம சர்க்கரை கொட்டறதும், நோயைப் பார்க்காம தடை போடறதும் ஒரே புத்திதான்.

டிஸ்கி: நான் குடிக்கிறது பன்னீர் சோடா. அம்மா, நம்பும்மா!